சோடி உலக்கை

"மாமி, உப்புப் போட்டாச்செல்லோ, பிறகேன் போடுறீங்க?"

பக்கத்து வீட்டு மஸீனாவின் ஐந்து வயது மகள் சபூறா கேட்ட கேள்வி இது. அன்னபாக்கியத்தின் கை கறிச்சட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. போட்டது நினைவில்லை. போன கிழமை பாலை அடுப்பில் மறந்ததில் தீ எழும்பி, குசினிக் கூரை மயிரிழையில் தப்பியது. இன்னொரு தரம் நடந்தால் குசினியைப் பூட்டிவிடுவேன் என்று மகன் இளையதம்பி சொல்லியிருந்தான். அதைவிடப் பெரிய பயம், ஒருநாள் அவன் முகமும் மறந்துபோகுமோ என்பது.

சலரோகம் என்று கண்ட டொக்டர் சீனியைத்தான் விடச் சொன்னார். வேலையையும் விடச் சொன்னது வீட்டார். மருமகள் விமலேஸ்வரி நல்ல மனசுக்காரி. மாமியின் கையிலிருந்து உலக்கையை வாங்கினாள், குடத்தை வாங்கினாள், கடைசியில் விளக்குமாற்றையும் வாங்கினாள்; அடுப்பு மட்டும் மிஞ்சியது.

"வருத்தக்கார மனுசி, கதிரையில இருங்கோ மாமி."

இருந்து இருந்தே அவளுடைய கையும் மெலிந்தது, நினைவும் மங்கியது.

சபூறா வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் மஸீனா ஊறிய அரிசியோடு வந்தாள்.

"அக்கா, மா இடிக்க எனக்குச் சோடி இல்ல. வாங்க."

"ஐயோ, அவவுக்கு ஏலாது," என்றாள் விமலேஸ்வரி.

"ஏலுமோ ஏலாதோ எண்டு உலக்கை சொல்லட்டும் தங்கச்சி."

ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி இடிக்க வேண்டும். மற்றவளின் உலக்கை எழும்பும்போது தன்னுடையது இறங்க வேண்டும். மனம் எங்கும் போக முடியாது. முதல்நாள் உலக்கைகள் மோதிக்கொண்டன.

"அக்கா, அரிசியை இடிங்க, என்ர உலக்கையை விடுங்க!"

"நீ ஏனடி குறுக்க வாறாய்?" என்று அன்னபாக்கியம் கனகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மாரி போய்ப் பங்குனி வந்தது. தோளில் உரம் ஏறியது. மறதி முழுதாகப் போகவில்லை. ஆனால் பால் பொங்குமுன் இறங்கியது, உப்பு ஒருதரமே விழுந்தது. இளையதம்பி பூட்டுக் கதையை விட்டுவிட்டான்.

சித்திரையில் நோன்பு நடந்தது. மஸீனாவின் புருசன் றவூப் சைக்கிளில் ஒரு மூட்டையோடு வந்தான்.

"என்ன தம்பி, அரிசியோ?"

"மில்லில அரைச்ச மா அக்கா. எங்கட வீட்டில எப்பவும் மில் மாதானே!"

அன்னபாக்கியம் வேலியைப் பிடித்தபடி நின்றாள். அப்படியானால் மஸீனாவுக்கு உலக்கையும் தேவையில்லை, சோடியும் தேவையில்லை. அதை அவளிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் அவள் கூசிப்போவாள்.

அந்தக் கிழமையே சபூறாவுக்குக் காய்ச்சல். தாயும் தகப்பனும் பிள்ளையோடு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். நோன்போடு திரும்பி வந்துதான் மஸீனா தண்ணீர் அள்ள வேண்டும்.

பின்னேரம், விமலேஸ்வரி வயலுக்குப் போன நேரம், அன்னபாக்கியம் மஸீனா வீட்டு வளவுக் கிணற்றில் வாளியை விட்டாள். கயிறு கையை அறுத்தது, இழுத்தாள். குடிக்கிற குடம் எது, தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தண்ணீர்ப் பானை எது என்று மஸீனா எப்போதோ ஒருமுறை சொன்னது நினைவிருந்தது. பிசகவில்லை. இரண்டையும் நிரப்பி மூடிவைத்தாள்.

"ஆண்டவனே, பிள்ளைக்குச் சுகத்தைக் குடு," என்று மட்டும் சொன்னாள். பிறகு படலையைச் சாத்திவிட்டு, தன் வீட்டு அடுப்பை மூட்டப் போனாள்.