அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க

ஓலோமோட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கியதும் லிபுஷே கழிவறைக்குப் போய் உதட்டுச் சாயத்தை அழுந்தத் துடைத்துவிட்டு வந்தாள். குழந்தை எலிஷ்கா தங்கள் வீட்டில் இருந்தவரை அவள் சாயம் பூசியதில்லை. குழந்தைக்கு அடையாளம் தெரியாமல் போய்விடக் கூடாது. அவள் கணவன் ஓட்டகர் பைகளோடு வாசலில் நின்றிருந்தான். பிர்னோவில் இருக்கும் அவன் தங்கை வீட்டுக்குப் போகிற வழி. நேராகப் போகும் ரயிலை விட்டுவிட்டு, இங்கே இறங்கி மாறுகிற ரயிலுக்குத்தான் லிபுஷே கேட்டுச் சீட்டு வாங்கியிருந்தாள்.

எலிஷ்கா இரண்டு வயதில் அவர்களிடம் வந்தவள். பெற்றவள் கமிலா அப்போது குடியில் கிடந்தாள். வளர்க்கச் சொல்லி அரசாங்கம் இவர்களிடம் ஒப்படைத்தது. ஐந்து வயதானபோது, தாய் தேறிவிட்டாள், திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். குழந்தையைக் காரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மூன்று வருடமாகியும் லிபுஷே ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருக்குச் சமைத்துவிடுவாள். மிச்சத்தை ஓட்டகர் அவளுக்குத் தெரியாமல் தின்று தீர்ப்பான்.

வீட்டுக்கு வேண்டாம், பூங்காவுக்கு வாருங்கள் என்று கமிலா தொலைபேசியில் சொல்லியிருந்தாள். குழந்தைக்கு முன்னால் அவள் மட்டும் வந்தாள். லிபுஷே மனதில் வைத்திருந்த குடிகாரி இல்லை இவள். ஒல்லியாக, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வெந்து சிவந்த கைகளோடு இருந்தாள்.

“முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க வராங்கன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன்.”

“தெரிஞ்சவங்களா?” லிபுஷேவின் குரல் உயர்ந்தது. “மூணு வருஷம் என் நெஞ்சு மேல தூங்கினவ அவ.”

“தெரியும். வந்த புதுசுல ராத்திரியெல்லாம் ‘லீபா, லீபா’ன்னு உங்களைக் கூப்பிட்டுக் கத்துவா. என்னைப் பக்கத்துல விடமாட்டா, கடிச்சு வைப்பா. அப்பல்லாம் ஒரு மடக்கு குடிச்சா போதும்னு தோணும். குடிக்கல. நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லிடலாமான்னுகூட நினைச்சேன். அதையும் சொல்லல. தானா மறந்துட்டா.”

“நீ பண்ணது சரிதாம்மா,” என்றான் ஓட்டகர். லிபுஷே அவனை அறைந்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

அதற்குள் சக்கரக் காலணிகளில் தடுமாறிக்கொண்டு எலிஷ்கா வந்து சேர்ந்தாள். வளர்ந்திருந்தாள். முன்பற்கள் புதிதாக, முகத்துக்குப் பெரிதாக இருந்தன.

“வணக்கம். நீங்களும் அம்மாகூட துணி துவைக்கிறீங்களா அத்தை?”

“ஆமாடா கண்ணு.”

லிபுஷே கசகசா பூரணம் வைத்த ரொட்டியை நீட்டினாள். விடியற்காலையில் எழுந்து சுட்டது. முன்பெல்லாம் எலிஷ்கா பூரணத்தை மட்டும் விரலால் தோண்டித் தின்றுவிட்டு ரொட்டியை ஓட்டகரின் பையில் போட்டுவிடுவாள்.

“ஐயே, கசகசா எனக்குப் பிடிக்காது. பல்லுல ஒட்டிக்கும். மாமா சாப்பிடட்டும்.”

ஓட்டகர் வாங்கி, நின்றபடியே முழுவதையும் தின்றான்.

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா அத்தை?”

கமிலாவின் முகம் வெளுத்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு லிபுஷேவையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ‘லீபா’ என்றால் போதும். குழந்தைக்குள் எங்கோ அந்தப் பெயர் கிடக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் லிபுஷே ரயில் மாறி வந்திருந்தாள்.

“இல்ல,” என்றாள்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“பாவம்,” என்றாள் எலிஷ்கா, பெரியவர்கள் சொல்வதைப்போலவே. பிறகு சறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கமிலா ஏதோ சொல்ல வந்தாள். “இனிமே வரமாட்டோம், பயப்படாதே,” என்றாள் லிபுஷே.

டிராம் நிறுத்தத்திலிருந்து பூங்கா தெரிந்தது. எலிஷ்கா பின்புறமாகச் சறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். விழுந்தால் பிடிக்க, தொடாமல், இரு கைகளையும் விரித்தபடி கமிலா கூடவே ஓடினாள்.

“வண்டி வந்துடுச்சு லிபுஷே. ஏறு.”

அவள் அசையவில்லை. உடம்பிலிருந்து சற்றே விலகி அவள் கைகளும் விரிந்திருந்தன. இறங்கியவர்கள் அந்தக் கைகளில் இடித்துக்கொண்டு இருபுறமும் போனார்கள்.