முராய் தின்ற புது வகை

தப்பு என்னுடையது இல்லை. கடைச் சாப்பாடு கட்டிவரும் தாப்பாவ் டப்பாவின் மூடியில் நாலு ஓட்டை போட்டுச் சில்வண்டை அடைத்து, என் முராய்க் குருவியின் கூண்டுக்குக் கீழே வைத்தால் அது யாருடைய தீனி என்று நான் நினைப்பேன்?

வைத்தவள் அன்பரசி, என் மனைவி உமாராணியின் தங்கை. கெடா தோட்டங்களில் மூன்று வருடமாகச் சில்வண்டுகளை வகை பிரித்துப் பட்டத்துக்குப் படிக்கிறாள். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். ஞாயிறு ஒன்பது மணிக்குக் குருவிப் பாட்டுப் போட்டி. அதற்கு முன் சில்வண்டு கொடுத்தால்தான் குருவிக்குத் தொண்டை திறக்கும். முள்ளுக்கால் கீறாமலிருக்கக் காலையும் இறக்கையையும் பிய்த்துவிட்டுத்தான் போடுவோம். அன்று பத்தொன்பது போட்டேன்.

"மாமா, இங்க இருந்த டப்பா எங்க?"

"முராய் சாப்டுச்சுலா."

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஐயோ மாமா! அது புது வகை. ஆண் ஒன்னே ஒன்னுதான் கெடச்சுச்சு. அது இல்லாம என் படிப்பே போச்சு!"

"குருவி வயித்துக்குள்ள எல்லாம் ஒன்னுதான்மா," என்றேன். உமாராணி என்னை முறைத்தாள்.

"ஆண் இறக்கைய உரசித்தான் கத்தும். அந்த இறக்கை நரம்ப வெச்சுதான் வகையே பிரிப்போம்," என்று அன்பரசி விசும்பினாள்.

இறக்கையா! குப்பைத் தொட்டிக்குள் கையைவிட்டு, இறக்கைகளைப் பிய்த்துப் போட்டுச் சுருட்டிய செய்தித்தாளை எடுத்து விரித்தேன். பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். திடீரென்று சிரித்தாள், உடனே அழுதாள்.

"ஏழு ஜோடி மாமா! ஒன்னு என்னோடது. மீதி ஆறும் நீங்க புடிச்சது. மூணு வருஷமா நான் நாயா அலைஞ்சேன். எங்க புடிச்சீங்க? எனக்கு முழு உடம்போட ஒன்னு வேணும்."

சில்வண்டு பிடிக்கும் இடத்தை முராய்க்காரன் கட்டின மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டான். ஆனால் அவள் படிப்பை என் குருவிக்குத் தீனியாகப் போட்டதும் நான்தான். மணி எட்டரை. போட்டி போனால் போகட்டும் என்று துணி மூடிய கூண்டை உமாராணியிடம் கொடுத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

"குருண் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். ஏறு. ஆனா ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"எந்த இடத்துல புடிச்சோம்னு அச்சுல போட்டாத்தான் மாமா புது வகைன்னு ஒத்துக்குவாங்க."

முராய்க்காரர்கள் யாரும் ஆராய்ச்சிப் புத்தகம் படிப்பதில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.