பக்கத்து இருக்கையின் பிரேக்

என் மனைவி இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பாவம், கடைசிக் காலத்துல ரொம்ப அடங்கிப் போயிட்டாங்க." கூடத்தில் அவளைக் கிடத்தி வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவள் அடங்கவில்லை. சோர்ந்திருந்தாள். இரண்டும் ஒன்றல்ல. அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைத்தவன் நான். தப்பைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போக என்னால் முடியாது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ஒரே ஒரு கார். அதுதான் பள்ளிக்கூடம், அவள்தான் டீச்சர். அந்தக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவள் காலால் வண்டி நிற்கும். அந்தக் காலுக்கு ஓய்வே தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் தரையை மிதிப்பாள். டிவியில் கார் துரத்தினால் சோபாவிலிருந்து மிதிப்பாள். "அம்மா உக்கார்ற இடத்துல மட்டும் தரை தேஞ்சிருக்குப்பா, பாரு" என்று மகள் குனிந்து காட்டுவாள்.

சர்க்கரை வியாதி வந்தபோது அதையும் ஒரு மக்கு மாணவனைப் போலத்தான் நடத்தினாள். திட்டுவாள், மாத்திரை போடுவாள், வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அறுபதைத் தாண்டிய பிறகுதான் அது அவளைத் திருப்பித் திட்ட ஆரம்பித்தது. தலைவார உட்காருவாள், சீப்பு பாதித் தலையில் நிற்கும், கை மடியில் விழும். "தூங்கி எழுந்த களைப்பு தீர இன்னொரு தூக்கம் வேணும்போல இருக்குங்க" என்பாள்.

களைப்பைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மனிதர்களைத்தான் தாங்க முடியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டாக்டர் ஆகிவிடுவார்கள். பாகற்காய் என்பார் ஒருவர், வெந்தயம் என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டில் ஒரு பிறந்தநாள். அவள் தட்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கேக் துண்டை எடுத்தாள். அறை முழுவதும் அவள் கையைப் பார்த்தது. துண்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அறுபது வயசுல திருடி மாதிரி முழிக்க வேண்டியிருக்கு. இனிமே எவன் வீட்டுக்கும் நான் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

ஆனாலும் அவள் ஒரேயடியாக அறைக்குள் போனது அன்றைக்கு அல்ல. ரத்தப் பரிசோதனைக்குப் போய்த் திரும்பிய ஒரு காலையில்.

அன்று அழைத்துப்போனது செகண்ட் கியர். அவளுடைய பழைய மாணவன், இப்போது டாக்ஸி ஓட்டுகிறான். படிக்கும்போது மூன்றாவது கியருக்குப் போகவே பயப்படுவான்; அவள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. டீச்சரை முன் இருக்கையில் வைத்து ஓட்டுவதென்றால் அவனுக்கு இன்றும் பரீட்சைதான். அவள் எத்தனை முறை தரையை மிதிக்கிறாள் என்பதுதான் மதிப்பெண். வீட்டு வாசலில் நிறுத்தியதும் கைதட்டிக் குதித்தான்.

"டீச்சர்! இன்னிக்கு நீங்க ஒரு தடவகூட பிரேக் போடல! நான் பாஸ்!"

நானும் சிரித்தேன். அவள் இறங்கி மாடி ஏறினாள். சற்று நேரத்தில் அவன் ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "ஒத்தச் செருப்ப வண்டியிலயே விட்டுட்டீங்க டீச்சர். என் டிரைவிங்ல அவ்வளவு சொக்கிப் போயிட்டீங்களா?"

அவள் தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. காருக்கு உறை போட்டாள். போன் அடித்தால் போர்வைக்குள் தள்ளிவிடுவாள். அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டேன் என்றாள். மகள் ஊரிலிருந்து வந்து கெஞ்சினாள், கத்தினாள், அழுதாள். ஒன்றும் பலிக்கவில்லை. கேட்டால், "களைப்பா இருக்கு." அது பொய்யில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த அறையில் படுத்தபடியே அவள் என்னை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எனக்கு இருந்த ஒரே வேலை அது.

"எவன் ஓட்டுற வண்டியிலயும் ஏற மாட்டேன்" என்றாள் ஒருநாள், சுவரைப் பார்த்தபடி.

"நான் ஓட்டினா?"

திரும்பிப் படுத்தாள். "நீங்க ஓட்டினா ஆஸ்பத்திரி எதுக்கு? நேரா சுடுகாட்டுக்கே போயிடலாம்."

வெகுநாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் கற்றுக்கொடுக்கப் பார்த்து, "உங்களுக்குப் புத்தகம்தான் லாயக்கு" என்று கைகழுவிவிட்டாள். செகண்ட் கியரைக் கூப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு மூடிய கிடங்கு, அதன் முன் வெற்று முற்றம். அவள் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். உறையை எடுத்தோம். ஓட்டினேன் என்று சொல்ல மாட்டேன். கார் என்னை உதறியது. கியரை மாற்றியபோது வந்த சத்தத்தில் கிடங்குக் கூரையிலிருந்து புறாக்கள் எழுந்து பறந்தன.

மேலே ஜன்னல் திறந்தது.

"கிளச்ச மிதிங்க! அது கியர் பாக்ஸு, காபிக்கொட்டை அரைக்கிற மிஷின் இல்ல!"

ஜன்னல் மூடியது. செகண்ட் கியர் என்னைப் பார்த்தான். "சார், நாளைக்கும் இதே மாதிரி மோசமா ஓட்டுவீங்களா?"

"இதவிட நல்லா ஓட்ட எனக்குத் தெரியாதேப்பா."

மறுநாள் அவள் இறங்கி வந்தாள். நைட்டி, வாராத தலை, கண்ணுக்குக் கீழே தூக்கத்தின் வீக்கம். "எறங்குடா" என்று செகண்ட் கியரை இறக்கிவிட்டுத் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது.

"எடுங்க."

எடுத்தேன். வண்டி நேராகக் கிடங்குச் சுவரை நோக்கிப் போனது. என் கால் எந்தப் பெடலில் இருந்ததோ தெரியாது.

"பிரேக்... பிரேக்கப் போடுடா!"

அவள் காலால் நிற்கும் என்று நான் நம்பியிருந்தேன். நிற்கவில்லை. அவள் கை பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி அணைந்தது.

"என்னையே 'டா' போட்டுட்ட" என்றேன், ஸ்டியரிங்கை விடாமல்.

"கார்ல எல்லாரும் ஒண்ணுதான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே செகண்ட் கியர் நின்றிருந்தான். அவன் கையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு. ஏறும்போது கழன்று தரையில் விழுந்திருக்கிறது. இந்த முறை அவன் ஜோக் அடிக்கவில்லை.

"அன்னிக்கு நான் மிதிச்சுக்கிட்டேதான்டா வந்தேன்" என்றாள் அவனிடம். "மிதிக்கிறதா நெனச்சுக்கிட்டே வந்தேன். நீ பாஸ்னு குதிச்சப்பதான் தெரிஞ்சுது, கால் அசையவே இல்லன்னு. செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. அடுத்தவன் புள்ளைய ஓட்டச் சொல்லிட்டு, பக்கத்துல இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எப்படி உக்கார்றது?"

அவன் அழுதுவிட்டான். "நான் வேற பாஸ் பாஸ்னு கத்தினேனே டீச்சர்."

"நீ பாஸ்தான். நான்தான் ஃபெயில்."

பிறகு அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஃபெயிலானவங்க யாரையாவது நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கேனா? மறுபடி வாங்கன்னுதானே சொல்லுவேன். செருப்பக் குடு."

அடுத்த நாள் அவனுடைய டாக்ஸியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். "தொடும்போது சொல்லுங்கம்மா." அவள் காத்திருந்தாள். "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் அதற்குள் பாதம் முழுவதும் தொட்டு முடித்திருந்தார்.

மருந்தை மாற்றினார். தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். சர்க்கரை ஏறி ஏறி இறங்குவதால் வரும் களைப்பு சோம்பேறித்தனம் இல்லை, மனசு சோர்ந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு என்றார்.

"அந்த 'சோம்பேறித்தனம் இல்ல'ங்கறத மட்டும் பெருசா எழுதிக் குடுங்க. வாசல்ல ஒட்டணும்" என்றாள்.

களைப்பு போய்விடவில்லை. கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். காலின் உணர்வும் திரும்பவில்லை. மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டாள். அதில் அவளுக்குப் பேரம் கிடையாது. எனக்கு மட்டும், அந்த முற்றத்தில், வாயாலும் ஹேண்ட் பிரேக்காலும் கற்றுக்கொடுத்தாள். சில நாள், "இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சில நாள் பாதியில், "ஓரமா நிறுத்துங்க" என்று இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அது தோற்றுப்போனவளின் தூக்கம் இல்லை. வேலைக்கு நடுவே எடுக்கும் தூக்கம்.

வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டாள். சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறவர் அந்த நிமிடமே எழுந்து போக வேண்டும்.

"அப்புறம் யாருமே வரமாட்டாங்கம்மா" என்றாள் மகள்.

"வர்றவங்க வரட்டும். எல்லாரும் வந்தா எனக்குத்தான் களைப்பு."

உண்மையில் வரவு குறைந்தது. செகண்ட் கியர் வந்தான். பிறந்தநாள் வீட்டுக்காரி ஒருமுறை வெந்தயப் பேச்சை எடுத்து, எழுப்பி அனுப்பப்பட்டு, மறுவாரம் வாயை மூடிக்கொண்டு சீட்டாட வந்தாள். வராமல் போனவர்கள்தான் அவள் அடங்கிப் போனதாக ஊருக்குச் சொன்னார்கள். வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே கேட்ட சத்தம் எப்படித் தெரியும்?

லைசென்ஸ் தேர்வில் நான் முதல்முறை ஃபெயில். "மறுபடி வாங்க" என்றாள். அடுத்த முறை பாஸ். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பின்பட்டை வைத்த செருப்போடு பக்கத்தில் உட்காருவாள். கால் அசையாது. வாய் ஓயாது. பிறகு ஒரு பகலில், கட்டிலில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தபோது, அவள் இதயம் நின்றது. சீப்பு அன்றும் பாதித் தலையில் இருந்தது.

போன வாரம் செகண்ட் கியர் வந்து, கார்க் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். "சார், அந்தப் பக்கத்து பிரேக்கக் கழட்டித் தரட்டுமா? யாராவது தெரியாம மிதிச்சிடப் போறாங்க."

"தொடாதடா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனை 'டா' போட்டு நான் பேசியதே இல்லை. கார்க் கதவு திறந்திருந்தது. கார் என்றால் எல்லாரும் ஒன்றுதான்.