ஜன்னலை மறைக்கப் பதினான்கு அரளி

கோடை தொடங்கிய வாரத்தில் அம்மா கொத்தனாரை வரவழைத்துச் சமையலறை ஜன்னலைக் காட்டினாள்.

"இதைச் செங்கல் வச்சு அடைச்சுடணும்."

கொத்தனார் ஜன்னலைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "அடைச்சா பகல்லயே லைட்டு போடணுமேம்மா."

"போட்டுக்கறேன்."

ஜன்னலுக்கு நேர் எதிரே, இடுப்பளவு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், சித்தி வீட்டுப் பின்வாசல். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. இரண்டு வருடங்களுக்கு முன் சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா ஒரு நாள் தாமதமாகப் போனாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சித்தி வார்டு வாசலிலேயே கேட்டுவிட்டாள். சித்தப்பா எழுந்து வேலைக்கே போகிறார். அக்கா தங்கை பேச்சுதான் இன்னும் படுத்த படுக்கையாக இருக்கிறது. அம்மா பாத்திரம் தேய்க்கும் நேரத்தில்தான் சித்தி துணி உலர்த்துவாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கே இருவரும் அவ்வளவு உழைத்தார்கள்.

அந்த ஜன்னலடியில்தான் நான் படிப்பேன். பகலில் மருந்துக் கடை வேலை, மாலையில் ரத்தப் பரிசோதனை வகுப்பு. ஆனால் என் பயம் வெளிச்சத்தைப் பற்றியது அல்ல. ஒருமுறை செங்கல் வைத்துவிட்டால் பிறகு யாரும் அதை எடுக்கச் சொல்லமாட்டார்கள்.

"வேலி ஓரமா செடி வச்சு மறைச்சுடறேம்மா. கோடை முடியறதுக்குள்ள," என்றேன். சொன்ன மறுநிமிடமே, நம்மால் ஆகுமா என்று தோன்றியது.

"நம்ம ஆபீசர் ஒரு சத்தம் போட்டா செடி பயந்துபோய் வளந்துடும்," என்றார் அப்பா. நோட்டும் கையுமாகத் திரிவதால் அவருக்கு நான் ஆபீசர்.

கோடை முடிந்ததும் வரச் சொல்லிக் கொத்தனாரை அனுப்பினோம்.

பதினான்கு அரளிக் கன்றுகள் வாங்கினேன். இரண்டடிக்கு ஒரு குழி, முழங்கை ஆழம். காலடியில் ஒரு வரிசை சாமந்தி. "அரளி வெயிலைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. வாரத்துக்கு மூணு நாள் ஊத்துனா போதும்," என்றார் நாற்றுக்காரர். எழுதிக்கொண்டேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் கண்டது, வலது பக்கம் நினைத்தது. செடிக்கு இரண்டு குவளை. வேலைக்குப் போகுமுன் ஊற்றிவிட்டுக் கை கழுவினாலும் நகக்கண்ணில் சேறு போகாது. கடையில் மாத்திரை அட்டையை நீட்டும்போது விரலை மடக்கிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாயின. ஒரு குவளையாகக் குறைத்தேன். இன்னும் மஞ்சளாயின. குழி ஆழம் போதவில்லையோ, எருவில் கோளாறோ, எனக்குக் கைராசியே இல்லையோ? ஒரு செவ்வாய்க்கிழமை இடது பக்கம் எழுதினேன்: "இன்று ஊற்றவில்லை. மண் ஈரமாக இருக்கிறது." வலது பக்கம்: "ஊற்றிவிட்டு மறந்துபோனேனா?"

மறுநாள் அம்மா பாத்திரம் அலசிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"வீணாத்தானே போகுது? சீக்கிரம் வளரட்டும்னு ஊத்தினேன்," என்றாள்.

"வளரலேம்மா, சாகுது."

அம்மா நிறுத்தினாள். மண் மட்டும் காயவில்லை. ஜன்னலுக்கு எதிரே தரை கொஞ்சம் பள்ளம். அங்கே மிதித்தால் செருப்பு புதைந்தது. அங்கிருந்த ஐந்து அரளிகளும் காலடிச் சாமந்திகளும் ஒவ்வொன்றாகக் கருகின. பிடுங்கிப் பார்த்தால் வேர் கொழகொழவென்று கையோடு வந்தது.

கரண்ட் போய்க் கடையை மதியமே மூடிய ஒரு நாள், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சித்தி, கையில் ரப்பர் குழாய். தண்ணீர் என் செடிகளின் மேல்.

"சித்தி!"

"என்னடி, வேலைக்குப் போகலையா?" திடுக்கிட்டாலும் குழாயை விடவில்லை.

"தினமும் ஊத்தறீங்களா?"

"நட்ட நாள்லேர்ந்து. உங்கம்மா அசர்ற நேரம் பாத்து."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே? அவளுக்கு மட்டும்தான் என் மூஞ்சி பிடிக்கலியா? எனக்கும்தான் விடிஞ்சா அவ மூஞ்சியைப் பாக்க வேண்டியிருக்கு. சீக்கிரம் வளந்து தொலையட்டும்னுதான் ஊத்தறேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஆளாளுக்கு ஊத்தி எல்லாம் அழுகுது சித்தி."

சித்தி குழாயை மூடினாள். அந்த ஐந்து குழிகளையும் எட்டிப் பார்த்தாள். "நானா கொன்னேன்?"

"நாம மூணு பேரும்."

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. திங்கள், வெள்ளி சித்தி, புதன் அம்மா, குழாய் கூடாது, செடிக்கு ஒரே குவளை, நான் தொடுவதே இல்லை என்று இரண்டு வீட்டிலும் போய்ச் சொன்னேன்.

"அவ கையிலயா? சின்னதுலேர்ந்தே எந்த வேலையையும் பாதில விட்டுட்டு ஓடுவா," என்றாள் அம்மா. ஆனால் திங்கட்கிழமை மாலை நான் வகுப்புக்குக் கிளம்பும்போது, "ஊத்தினாளா?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் சித்தியைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி. புதன்கிழமை வேலியோரம் சித்தி பிடித்துக்கொண்டாள்: "எவ்வளவு ஊத்தினா? அவளுக்கு அளவே தெரியாதே." இதையெல்லாம் இடது பக்கம் எழுதினேன். வலது பக்கம் எழுதத் துணியவில்லை.

கோடை முடிந்தது. நான் கடையிலிருந்து திரும்பியிருந்த ஒரு மாலை கொத்தனார் டேப்போடு வந்தார். ஒன்பது அரளிகள் தோளுயரம் வளர்ந்து பூத்திருந்தன. நடுவில், ஜன்னலுக்கு நேராக, பத்தடிக்கு வெறும் மண். என் திட்டம் எதை மறைக்க வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மறைத்திருந்தது.

"எந்த அளவுக்கும்மா அடைக்கணும்?" என்று கொத்தனார் ஜன்னலில் டேப்பை வைத்தார்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. சித்தி குனிந்து கடைசி அரளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்டுல ஊத்தாதே. தள்ளி ஊத்து," என்றாள் அம்மா ஜன்னல் வழியாக.

சித்தி நிமிரவில்லை. "தெரியும்," என்றாள். குவளையை மட்டும் ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

அவ்வளவுதான்.

"அடுத்த மாசம் சொல்றேன், போயிட்டு வாங்க," என்றாள் அம்மா கொத்தனாரிடம். அவர் டேப்பைச் சுருட்டியபடி, "ரெண்டு தடவை அலைஞ்சாச்சு," என்று முனகிக்கொண்டே போனார்.

நான் மண்வெட்டியை எடுத்தேன். "அந்த இடத்துக்கு மறுபடி அஞ்சு அரளி வாங்கிட்டு வரட்டுமாம்மா?"

"அது வளர இன்னும் ஒரு கோடை ஆகும். யாரால முடியும்? சாமந்தியே வை."

சாமந்தி முழங்காலுக்கு மேல் வளராது. அது அம்மாவுக்கும் தெரியும். நான் பள்ளத்தில் மண் போட்டு மேடாக்கத் தொடங்கினேன். அன்று வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன், நகக்கண்ணில் சேற்றோடு.