நாலு போல்ட் ஓட்டை

கலைச்செல்வி முதலில் 3டி பிரிண்டரைத்தான் திட்டினாள். ஆல்கஹாலில் அலசி எடுத்த சாம்பல் நிறத் துண்டைக் கையுறைக் கையால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாமை அடிக்கும் மெஷினின் வாய் அது. கதிரை உள்ளே தள்ளுகிற தகரச் சரிவு, பத்தில் ஒரு பங்கு மாடல் அளவில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதன் மேல் மூடியை மாட்ட, பக்கத்துக்கு இரண்டாக நாலு போல்ட் ஓட்டை இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. குண்டூர் நாட்டு மலைக் குளிரில் அச்சுக்கு ஊற்றும் ரெசின் திரவம் கெட்டியாகிவிடும். பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஊற்றினாலும் சின்ன ஓட்டைகள் சில நேரம் அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. அடைத்திருந்தால் ஒரு பள்ளமாவது தெரியும். இது மழமழவென்று இருந்தது.

மெஷின் கம்பெனி அனுப்பியிருந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து வாயைப் பெரிதாக்கினாள். அதிலும் ஓட்டை இல்லை. மூடியும் இல்லை. கதிர் தள்ளுகிற கைக்கும் உள்ளே சுற்றுகிற உருளைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தவளுக்குக் காது இரண்டும் கொதித்தன.

போன மார்கழியில் அந்த மெஷின் மலைக்கு வந்த மூன்றாம் நாள், அவளுடைய அண்ணி ருக்குமணியின் வலது கையை இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் ஒன்றுதான் மிஞ்சியது. நாலாம் நாள் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாய்க்கு மூடி வைத்துத்தான் அனுப்பினோம், வேகமாக வேலை முடியட்டும் என்று அந்த அம்மா கழற்றிவிட்டிருக்கிறது என்றார்கள். மறுவாரமே பழைய மெஷினை ஏற்றிக்கொண்டு போய், பளபளவென்று மூடி வைத்த புது மெஷினை இறக்கினார்கள். இப்படி ஒரு கம்பெனியை எங்கே பார்க்க முடியும் என்று விவசாயிகள் குழுவில் எல்லோரும் பூரித்துப் போனார்கள். மூடியைக் கழற்றியதால் நேர்ந்தது என்று எழுதிய காகிதத்தில் குழுத் தலைவர் அப்பாசாமி கையெழுத்துப் போட்டார். ருக்குமணியின் புருஷன், கலைச்செல்வியின் கூடப்பிறந்த அண்ணன் செல்வமும் போட்டான்.

அதில் மூடி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ருக்குமணி பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சித்திரைக்குப் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கலைச்செல்வி மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு அச்சுப் பட்டறையில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, ரெசின் பிரிண்டரோடு ஊர் திரும்பி, டிராக்டர், பவர் டில்லர் என்று குட்டி மாடல்களைப் பிரித்துப் பூட்டும் கிட்டாகச் செய்து ஆன்லைனில் விற்கிறாள். அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்குப் புதிதாக வந்த பிரவீன், டீலர்களுக்குப் பரிசாகக் கொடுக்கத் தங்கள் மெஷினையும் கிட்டாகச் செய்து தரச் சொல்லியிருந்தான். அவள் யார் வீட்டுப் பெண் என்று அவனுக்குத் தெரியாது. அதே மெஷின் என்று தெரிந்தே அவள் வேலையை ஒப்புக்கொண்டாள். அண்ணியின் கையைத் தின்றது அந்த மெஷின் அல்ல, அண்ணியின் அவசரம் என்று அவளும் உள்ளூர நம்பியிருந்தாள்.

பிரவீனுக்குப் போன் போட்டாள். வாயில் மூடி மாட்ட ஓட்டையே இல்லையே என்றாள்.

"அது முதல் லாட் டிராயிங்குங்க அக்கா. அதுல மூடி வராது, ரெண்டாவது லாட்லதான் சேத்துனாங்க. நீங்களே ஒன்னு வரைஞ்சு மாட்டிருங்க, பாக்க நல்லாருக்கும்."

"குண்டூர் நாட்டுக்கு மார்கழியில வந்தது எந்த லாட்டுங்க?"

கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "முதல் லாட்டுத்தாங்க. ஏனுங்க அக்கா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

செல்வம் மரவள்ளிக் காட்டில் நடவுக்குக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தான். கலைச்செல்வி நீட்டிய துண்டை அவன் கையில் வாங்கவில்லை. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நடந்தது நடந்துபோச்சு கண்ணு. இதத் தூக்கிட்டுத் திரிஞ்சா வெரலு மொளைக்குமா?" என்றான்.

"லாரியில இருந்து எறக்குனது நீயும் அப்பாசாமி மாமனுந்தான? மூடியப் பாத்தயா, பாக்கலையா?"

அவன் நறுக்கிய குச்சி கோணலாக விழுந்தது. அவன் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த குச்சியை எடுத்தானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் ருக்குமணி இடது கையால் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடித்துத் துண்டை வைத்து, கலைச்செல்வி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ருக்குமணி அதை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள் கலைச்செல்வி. அவள் அழவில்லை.

"ஆசுபத்திரியில வெச்சு நீயுங் கேட்டயே கண்ணு, கழட்டுனீங்களா அண்ணின்னு" என்றாள். அவ்வளவுதான். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கலைச்செல்விக்கு யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் அந்த வாயை மட்டும் அச்சடித்தாள். ஒரு தட்டுக்குப் பத்தாக மூன்று தட்டு. அலசினாள், அச்சைத் தாங்கும் முட்டுகளை வெட்டினாள், ஊதா விளக்கில் காய வைத்தாள். வெட்டுக்குறட்டின் ஒவ்வொரு வெட்டுக்கும் பல்லைக் கடித்தாள்.

மூன்றாம் நாள் மெஷின் கொட்டகையில் குழுக் கூட்டம். அன்றைக்கே மாதிரியை வாங்கிக்கொள்வதாகப் பிரவீன் ஏற்பாடு. அடிவாரக் காரவள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்தவனின் முகம் வெளிறியிருந்தது. எல்லாம் மலை வளைவுகளின் வேலை அல்ல. ஆபீசில் விசாரித்திருக்கிறான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பான ஃபைல் வந்துவிட்டது, அழித்துவிடுங்கள் என்றான். "வெளிய தெரிஞ்சா என் வேலை போயிருங்க அக்கா." அவனுக்கு இருபத்திநாலு வயதிருக்கும். அவளுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே கோபத்தை இன்னும் கிளப்பியது. ருக்குமணிக்கு இந்தப் பாவத்தை யார் பார்த்தார்கள்?

உள்ளே போய் மேசையில் மாடலை வைத்தாள். வர்ணம் அடித்து, சக்கரம் பூட்டி, உருளை விரலால் சுற்றினால் சுற்றுகிற மாதிரி. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூடி விட்டுப்போயிருக்கிறது, மாட்டித் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றான் பிரவீன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"மாட்டறேங்க. எங்க மாட்டறதுன்னு ஓட்டையக் காட்டுங்க" என்றாள் கலைச்செல்வி.

அவன் மாடலைத் தொடவில்லை. அவள் பையைத் திறந்து வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாயை வைத்துக்கொண்டே போனாள். இது கம்பெனி வரைந்த படம், நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, மார்கழியில் வந்த மெஷின் இதுதான் என்றாள்.

அப்பாசாமி துண்டின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "எறக்கறப்ப இந்த ஓரத்தப் புடிச்சுத்தான் எறக்குனேன்" என்றார் கடைசியில். "கையில ஒன்னுந் தட்டுப்படல."

அதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொன்னாள் கலைச்செல்வி. கம்பெனியைப் பகைத்துக்கொண்டால், நாளைக்குப் புது மெஷின் பழுதாகி நின்றால் சரிசெய்ய யார் வருவார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். நாலைந்து பேர் துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்கள். அப்பாசாமி எழுதினார். பின்னால் உட்கார்ந்திருந்த ருக்குமணி எழுந்து வந்து, பேனாவை இடது கையில் வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். அடுத்து யார் என்று பார்க்க அவள் நிற்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த செல்வம் நோட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கையெழுத்துப் போடாமலே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வாசலில் நின்று கலைச்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்குமணி ரோட்டோரமாக ஏற்றத்தில் நடந்தாள். பின்னாலேயே செல்வம் பைக்கை முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனான். அவள் ஏறவில்லை, திரும்பவும் இல்லை. நின்றுவிடப் பார்க்கிற எஞ்சினைத் திருகித் திருகி, கால் இரண்டையும் தரையில் இழுத்தபடி, அவள் நடைக்கு அவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.