கழுத்துக் கோடு

…அது தாடியில் சேருமா சேராதா, கழுத்தில் முளைப்பது, அதை யாராவது ஒருத்தர் தெளிவாகச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, தாடி எடுக்காதே எடுக்காதே என்று சொன்ன அத்தனை பேரும் அந்தத் தாடி எங்கே முடிகிறது என்று சொல்லவில்லையே என்று குருநாதன் நினைத்துக்கொண்டு நின்றான். கையில் ட்ரிம்மர், ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கும் கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு சாமியார்… சாமியார் என்றுகூடச் சொல்ல முடியாது, சாமியாருக்குக் கழுத்தில் மாலையாவது கிடக்கும், இவனுக்கு முடிதான், தாடைக்குக் கீழே இறங்கி, தொண்டையைத் தாண்டி, நெஞ்சு முடியோடு போய்க் கைகோத்துக்கொண்டுவிட்டது. பத்தே முக்காலுக்கு ராமநாதபுரம் பஸ், அங்கே மாறி முதுகுளத்தூர், அங்கேயிருந்து மாமனார் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ. நாகஜோதியைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. 'வந்து கூட்டிட்டுப் போங்க மாப்ள, இங்கன சுவத்தப் பாத்தே படுத்துக் கெடக்கா, ஆனா வாரேன்னும் சொல்ல மாட்டேங்கிறா, வரலைன்னும் சொல்ல மாட்டேங்கிறா' என்று மாமனார் நேற்றுச் சொன்னார். வருவாளா? இந்தக் கழுத்தோடு போய் நின்றால் வருவாளா? எடுத்துவிட்டுப் போனால், அதுக்குள்ள மினுக்கிக்கிட்டு வந்துட்டாரு என்று நினைப்பாள், எடுக்காமல் போனால், இன்னும் எதுக்கு இந்த வேஷம் என்று நினைப்பாள். எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்வான்.

வீட்டுக்காரி உண்டாகியிருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். விஷயம் தெரிந்த அன்றைக்கே அம்மா கருத்தம்மாள் போனில் சொல்லிவிட்டாள், 'ஏலே, இன்னியில இருந்து தாடியத் தொடாத, புள்ள பெறக்கட்டும், நானே சொல்றேன், அப்ப எடு.' பிறகு ஊரே கேட்க ஆரம்பித்தது. கண்டக்டர் கேட்டார், மீன்காரம்மா கேட்டது, ரோட்டோர டீக்கடை மலையாண்டி அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், வீட்ல எத்தனாவது மாசம் மாப்ள? நாலு, அஞ்சு, ஆறு, ஏழு… ஏழு வரைக்கும் உண்மை. அதற்கப்புறமும் அவர் கேட்டாரே, எட்டா மாப்ள என்று, இவன் தலையை ஆட்டிவிட்டான். ஆட்டத்தானே செய்தான், வாயால் சொல்லவில்லையே. காலங்காத்தால ஒரு மனுஷன் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாமே என்றுதான். அடுத்த மாதம், ஒம்பதா? ஆமாண்ணே. அது வாய் திறந்தே சொன்னது. சொல்லும்போது ஒரு சந்தோஷம் வேறு வந்தது, அட பாவி, சந்தோஷம்! உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிள்ளை அந்த டீக்கடை பெஞ்சில் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா அட்டையில் எழுதிக்கொடுத்த தேதி போன வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து இவன் டீக்கடைப் பக்கம் போகவில்லை, வீட்டிலேயே வரக்காப்பி போட்டுக் குடிக்கிறான்.

பிறக்கட்டும், நானே சொல்றேன் என்ற அம்மாவும் அப்புறம் சொல்லத்தான் செய்தாள், 'எடுத்துரு தம்பி, இனி எதுக்கு' என்று. தம்பி என்றாள், ஏலே என்று கூப்பிடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எடுக்கிறேன் என்றான், எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று ஆகிவிடும். யார் முடித்தது என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ, ஒருத்தரும் கேட்கவில்லை, இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் ஹசன் அலி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது, அவரைச் சொல்லியும் குற்றமில்லை, நல்ல மனுஷன். ராமேஸ்வரத்தில் இவன் ரிசப்ஷனில் உட்காரும் லாட்ஜுக்கு அவர்தான் மேனேஜர், வெள்ளைத் தாடி, அதன் ஓரம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். 'குருநாதா, தாடி வீட்டு விசேஷம், நான் ஒண்ணும் சொல்லல, கழுத்த மட்டும் செத்த சீராக்கிக்கங்க, வாரவுக மொதல்ல உங்க மூஞ்சியத்தான் பாக்குறாக.' மறுவாரம் வளைகாப்பு. போட்டோ எடுப்பார்களே. வளைகாப்புக்கு முந்தின நாள் இதே கண்ணாடி முன்னால் நின்று, கழுத்து தாடியில சேராது ஜோதி என்று இவன்தான் வக்கீல் மாதிரி வாதாடினான், தாடிங்கிறது மூஞ்சியில இருக்கிறது, இது கழுத்து, அதுவும் ட்ரிம்மரு, ட்ரிம்மர் கத்தியே கெடையாது. இந்த அக்காள்மடத்து உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது என்று அவள் வாங்கிக்கொடுத்த ட்ரிம்மர். 'ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?' என்றாள். என்ன ஆகப்போகுது? போன் வீடியோவில் ஒருவன் சொல்லிக்கொடுத்தான், தொண்டை எலும்புக்கு மேலே ரெண்டு விரல் வைத்து, அங்கேயிருந்து காதுக்குப் பின்னால் வரைக்கும் வளைத்துக் கொண்டுபோக வேண்டுமாம். இவன் விரலை வைக்க, அவள் தன் கண்மையை எடுத்து ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் கோடு போட்டாள், வயிறு இடித்ததால் பக்கவாட்டில் நின்றுகொண்டு, அண்ணாந்து நில்லுங்க, சிரிக்காதீக, கோடு கோணுது… ஆனால் சிரித்தது அவள்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் மாமா புள்ள உதைக்குது என்று. கோட்டுக்குக் கீழே இருந்ததையெல்லாம் இவன் வழித்துவிட்டான். போட்டோவில் கழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது.

வளைகாப்பு முடிந்து பதினோராம் நாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராண்டா, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பேசினார். தொப்புள்கொடி புள்ள கழுத்தச் சுத்தியிருக்கு, துடிப்பு இல்ல என்றார். கழுத்து. உடம்பில் எத்தனை இடம் இருக்கிறது, கழுத்துதானா கிடைத்தது? யாரு மேலயும் தப்பில்ல, யாரும் ஒண்ணும் பண்ணல, சில சமயம் இப்பிடி நடந்துரும் என்று அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார், இவனுக்குக் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான், கை தானாகப் போய்த் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தது, வழவழவென்று இருந்தது. படித்தவன், பி.காம்., இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. பகலில் நம்புகிறதில்லை. நாகஜோதி மாமனார் வீட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், இவன் அங்கே இருந்த ஒரு வாரமும் திரும்பவே இல்லை. போன் அடித்தால் தூங்குறா மாப்ள என்று மாமியார் சொல்வாள். தெரிந்துவிட்டது அவளுக்கு, இவன் பேச்சைக் கேட்டதால் வந்த வினை என்று… அப்படித்தானே இருக்கும்? வேறென்ன இருக்கும்?

மணி பத்தரை. போதும், எடுத்துவிடலாம், அவள் மனுஷனாகப் பார்க்கட்டும் என்று ட்ரிம்மரைத் தட்டிவிட்டான். வலது காதுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தான், கோடு இல்லை, விரலை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் ஓட்டினான், முடி கொத்துக் கொத்தாகப் பனியன் மேல் விழுந்தது, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, பாதிக் கழுத்து வெளுப்பாக, உரித்த மாதிரி… அப்போதுதான் போன் அடித்தது. நாகஜோதி. மாமனார் இல்லை, மாமியார் இல்லை, அவளே. ட்ரிம்மரை அணைத்துவிட்டு எடுத்தான்.

"கெளம்பிட்டீகளா மாமா?"

"இந்தா கெளம்பிட்டேன். பத்தே முக்கா பஸ்சு."

அந்தப் பக்கம் ஒரு கோழி கூப்பாடு போட்டது. "தாடி எடுத்தாச்சா?"

"இல்ல."

"கழுத்து?"

பொய் சொல்லலாம். டீக்கடையில் சொல்லிப் பழகின வாய்தானே. "பாதி… இப்பத்தான் பாதி எடுத்தேன்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தான், போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான், நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "கோடு நாந்தான மாமா போட்டேன்" என்றாள்.

என்ன கோடு? இவனுக்கு ஒரு நிமிஷம் விளங்கவே இல்லை. "ஒண்ணும் ஆகாதுல்லன்னு கேட்டுக்கிட்டே என் கையாலதான போட்டேன். வேண்டாம்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நீங்க அத ஒங்க அம்மாட்டச் சொல்லிருப்பீக, ஒங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு… அதான் ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல."

"ஏய், கிறுக்கு! டாக்டரம்மா என்ன சொன்னாங்க? யாரும் ஒண்ணும் பண்ணல. கேட்டியா, நீ ஒண்ணுமே பண்ணல ஜோதி, ஒரு மைக்கோடு என்னடி பண்ணும்?" என்று கத்தினான், சத்தியமாகக் கத்தினான், குரல் உடைந்துபோய். சொல்லும்போதே அது உண்மை என்று தெரிந்தது, அப்பட்டமான உண்மை, அவள் மேல் என்ன தப்பு, கை நடுங்காமல் பிடித்து ஒரு கோடு போட்டாள், அவ்வளவுதானே… இரண்டு மாதமாக அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இதையா யோசித்தாள், கடவுளே, இவன் இங்கே யோசித்ததையேவா?

அவள் அழுதாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "அப்ப நீங்க ஏன் மாமா இன்னும் தாடி எடுக்கல?"

கோடு போட்ட கைக்குத் தப்பில்லை என்றால், கோட்டுக்குக் கீழே வழித்த கைக்கு மட்டும் எப்படி… அதை அவளுக்குச் சொன்ன மாதிரி தனக்குச் சொல்லிப் பார்த்தான், நீ ஒண்ணும் பண்ணல குருநாதா, உள்ளே இறங்க மாட்டேன் என்றது. கண்ணாடியில் பாதிக் கழுத்து வெளுத்தும் பாதி கறுத்தும் தெரிந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், இவனும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பத்தே முக்கால் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்தது பதினொன்றேகாலுக்கு.