தொட்டி ஏணி

திருமுருகன் எழுந்து பாயைச் சுருட்டி வைத்தான். மோட்டாரைப் போட்டான். குடம் நிறைந்ததும் நிறுத்தினான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி, டீத்தூள் போட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதில் ஆடை படிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பைக் சாவியைத் தேடும்போது வாசலில் மூங்கில் இறக்குகிற சத்தம் கேட்டது.

“ஐஸ் பெட்டிக்கு கரண்டு எங்கப்பா எடுக்கறது?” என்று பந்தல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

கூடத்தில் ஒரே ஒரு பிளக்தான். அதில் கலைமதியின் சார்ஜர் தொங்கியது. அதைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சாவி எதற்கு என்று அப்போதுதான் யோசித்தான். இன்றைக்கு மயிலம் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. ஆய்வகத்தை வேறு யாராவது திறந்துகொள்வார்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மனைவி கலைமதியைக் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

ஒலக்கூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஊர் அது. போனில் சிக்னல் எடுக்காது. போன வருஷம் ஒரு போன் கம்பெனி ‘கைக்கெட்டும் உலகம்’ என்று ஒரு சேவைத் திட்டத்தோடு வந்தது. நூலகத்தை ஒட்டிய அறைக்கு நீலப் பெயின்ட் அடித்து, கூரைமேல் குடை மாதிரி ஒன்றைப் பொருத்தினார்கள். ரிப்பன் வெட்டிய அன்று விழுப்புரத்திலிருந்து ஒரு லாரி வந்து பள்ளிக்கூட மைதானத்தில் நின்றது. அதன் முதுகில் மடக்கு டவர். அன்று முழுக்க ஊரே வீடியோ காலில் பேசியது. பக்கத்து வீட்டு சின்னபொண்ணு, சிங்கப்பூரில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்த்து அழுதாள். அந்த அழுகையைப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் லாரி கிளம்பியது. சிக்னலும் அதோடு கிளம்பியது. ‘முழுமையாக இணைக்கப்பட்ட கிராமம்’ என்ற பலகை மட்டும் நின்றது.

அந்த அறைக்குக் கலைமதிதான் ‘இணையத் தோழி’. பெண்களுக்குப் போன் பழக்குவது வேலை. நெட் வரவில்லையே என்று அவள் சும்மா இருக்கவில்லை. கரும்பலகை நிறைய ஒரு போனை வரைந்து, உள்ளே கட்டம் கட்டமாகப் போட்டாள்.

“இதைத் தொட்டா அடுத்த பக்கம் வரும். வந்துச்சுன்னு வெச்சுக்குங்க.”

“வெச்சிக்கினோம். அப்பால?” என்பாள் சின்னபொண்ணு.

“கேஸுக்குப் பதிஞ்சாச்சு.”

“பலகையில பதிஞ்சா சிலிண்டரும் பலகையிலதாண்டி வரும்!”

வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பைத்தான் அவள் படம் எடுப்பாள். இடமும் நேரமும் பதிந்த படம் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வகுப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். ஊரில் இரண்டு கோடு சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். குடிநீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில், பாதிக்கு மேலே. அதைக் காட்டிக் கொடுத்ததே திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் ஆரோக்கியராஜ்தான். “அங்க ஏறிப் பாரும்மா, வரும்” என்றார். ஊருக்குச் சிக்னல் வந்துவிட்டது என்று நிரூபிக்க, கலைமதி வாராவாரம் அந்த ஏணியில் ஏறினாள்.

நேற்று மழை தூறி விட்டிருந்தது. ஏறினாள். விழுந்தாள். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்தான் திருமுருகன். ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் அந்த ஏணியில்தான் ஏற வேண்டியிருந்தது. அவன்தான் ஏறினான். வண்டி வந்தது. திண்டிவனம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மதியத்துக்கு முன்னால் உடல் வந்தது. சுமங்கலி என்பதால் மஞ்சள் பூசி, சிவப்புப் புடவை சாத்தி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். இடது கை வீங்கியிருந்தது. அதில் வளையல் ஏறவில்லை. பெண்கள் சோப்புத் தண்ணீர் தேடினார்கள். திருமுருகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கலைமதியின் சித்தப்பா தாண்டவராயன் திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கினார். மாலையைப் போட்டுவிட்டு அவனைத் தனியாக ஓரமாக இழுத்தார்.

“ஏம்பா, தொட்டி மேல செல்ஃபி எடுக்கப் போயி உழுந்துட்டாளாமே? படிச்ச பொண்ணுக்கு இது தேவையா? நீ ஒரு வார்த்த கண்டிச்சிருக்கக் கூடாது?”

“யார் சொன்னது?”

“எல்லார் போன்லயும் வந்துக்கினு இருக்குதே. கம்பெனியே போட்டிருக்குதுப்பா, வருத்தம் தெரிவிச்சு.”

அந்தச் செய்தி ஊரைத் தவிர எல்லா ஊருக்கும் போய்விட்டிருந்தது.

சற்று நேரத்தில் கம்பெனியின் காரும் வந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி இறங்கினார். வெள்ளைச் சுடிதார். பின்னால் ஆரோக்கியராஜ், தோளில் சுருட்டிய பேனரோடு. அதை விரித்து, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தினார். நீலக் கோட்டு போட்ட படத்தில் கலைமதி சிரித்தாள். கீழே எழுதியிருந்தது: ‘என் கையில் இருப்பது போன் அல்ல, என் கிராமத்தின் நாளை. – அமரர் கலைமதி.’

திருமுருகன் அதை இரண்டு முறை படித்தான்.

“இது எப்ப சொன்னா?”

ஆரோக்கியராஜ் தொண்டையைச் செருமினார். “சொன்ன மாதிரிதான் தம்பி. ஒரு கருத்து.”

“அவ இப்படிப் பேசமாட்டா சார்.”

“எல்லாருக்கும் இப்படித்தான் போடுவாங்க.”

அதிகாரி அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மிஸ்டர் திருமுருகன், ரொம்ப வருத்தமா இருக்கு. அவங்க எங்க ஃபேமிலி. சின்னதா ஒரு வீடியோ. சொந்த வேலையா மேல ஏறினாங்கன்னு நீங்க உங்க வாயால சொல்லிட்டா, வீணா யாரும் கதை கட்டமாட்டாங்க.”

“வகுப்பு படம் அனுப்பத்தான ஏறினா?”

“ஊர்லதான் சிக்னல் இருக்கே. ரெக்கார்டு படி இது கனெக்டட் வில்லேஜ். படம் அனுப்ப ஏன் ஏறணும்?”

திருமுருகன் ஆரோக்கியராஜைப் பார்த்தான். அவர் பந்தலின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, அது வேணாம்” என்றார் அதிகாரி. “கடைசியா அவங்க என்ன சொன்னாங்க? கிளாஸ் பத்தி, இந்த வேலை பத்தி ஏதாவது? அதையாவது சொல்லுங்களேன்.”

அவன் பேனரைத் தூக்கி, எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தான். வந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அதிகாரி பெட்டியைச் சுற்றிச் சில படங்கள் எடுத்தார். பிறகு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தார். வாசலுக்குப் போனார். தெருவுக்குப் போனார். திரும்பி வந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

“இன்னா மேடம் தேடிக்கினு இருக்கிறீங்க?” என்றாள் சின்னபொண்ணு.

“ஹெட் ஆபீஸுக்கு ஃபோட்டோ அனுப்பணும். சிக்னல் எங்கம்மா கிடைக்கும்?”

சின்னபொண்ணு எழுந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்தாள். தெருமுனையில் தெரிந்த தொட்டியைக் கையால் காட்டினாள்.

“தோ, அங்க. எங்க டீச்சர் ஏறுவா. இப்ப அவ படுத்துக்கினு இருக்கிறா. நீங்க ஏறுங்க.”

அதிகாரி காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாயத் தொடங்கும்போது எடுத்தார்கள். தொட்டியை ஒட்டித்தான் சுடுகாட்டுக்கு வழி. ஏணிக்கு அடியில் மேளம் தானாகவே நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே மண்ணைக் கொட்டி மெழுகியிருந்தார்கள். தாண்டிய பிறகு அடித்தார்கள்.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். ஏரிக்கரைக் குழாயில் குளித்தான். ஈர வேட்டியோடு ஆண்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் கம்பெனியின் கார் நின்றது. அதிகாரி ஏணிக்கருகே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தூறல் தொடங்கியிருந்தது. ஆரோக்கியராஜ் பேன்ட்டை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, ஒரு ஷூவை முதல் கம்பியில் வைத்திருந்தார். வாயில் போன்.

கூட்டம் நின்றது.

ஆரோக்கியராஜ் போனை வாயிலிருந்து எடுத்தார். “படம் இன்னிக்கே போயாவணுமாம் தம்பி” என்றார். காலை இறக்கவில்லை. ஏறவுமில்லை.

தாண்டவராயன் அவரைப் பார்த்தார். அண்ணாந்து ஏணியைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். “இவரு இன்னா,” என்றார் மெதுவாக, “செல்ஃபி எடுக்கப் போறாரா?”

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மட்டும் கார் பக்கம் பார்த்தார். தாண்டவராயன் தோளிலிருந்த ஈரத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

திருமுருகன் ஏணிக்கு அருகில் போனான். நேற்று அவனும் அந்த முதல் கம்பியில்தான் கால் வைத்தான். ரப்பர் செருப்போடு. ஒரு கையில் அவளுடைய போன். கலைமதியின் தலை சின்னபொண்ணின் மடியில் இருந்தது. காதோரம் ரத்தம். கண் மட்டும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவ கடைசியா என்ன சொன்னான்னு கேட்டீங்களே மேடம்.”

அதிகாரி திரும்பினார். ஆரோக்கியராஜும் திரும்பினார்.

“‘செருப்பக் கழட்டிட்டு ஏறுய்யா, வழுக்குது’ன்னா.”